காஞ்ச இலைன்னு நெனச்சது: மலைத் தோட்டத்துல அஞ்சு நாள்

நாள் 1

மொதல்லயே சொல்லிடுறேன், எந்த மலை, எப்படிப் போகணும், தோட்டத்தோட பேர் என்ன, எதுவும் இந்த அஞ்சு நாள் பதிவுல வராது. தோட்டத்துக்காரர் எங்ககிட்ட கேட்டுக்கிட்ட ஒரே விஷயம் அதுதான். பக்கத்துக் காட்டுல இருவாச்சி கூடு வச்சிருக்கு, அது எந்த மரம்னு வெளிய தெரிஞ்சா ஒரு பக்கம் குஞ்சு திருடுறவன் வருவான், இன்னொரு பக்கம் கேமராவோட கூட்டம் வரும், ரெண்டுமே அந்தப் பறவைக்கு தொந்தரவுதான்னு சொன்னார். ஐநேச்சுரலிஸ்ட் ஆப்ல கூட அழிவுல இருக்குற உயிரினத்தைப் பதிவு பண்ணா சரியான எடத்தைக் காட்டாம மேப்ல ஒரு பெரிய கட்டம் போட்டு இதுக்குள்ள எங்கயோன்னு மறைச்சு வச்சிடும், அதையே நானும் பண்றேன்னு வச்சுக்கோங்க.

வந்திருக்கிறது நானும் அம்மாவும். கடைசி நாலு கிலோமீட்டர் ஜீப் மட்டும்தான் ஏறும். மண் சுவரு, ஓட்டுக் கூரை, ரெண்டு சோலார் பல்பு, ஒரு திண்ணை, அவ்ளோதான் வீடு. போன் சிக்னல் வேணும்னா பத்து நிமிஷம் நடந்து ஒரு பாறை மேல ஏறணும், இதை அங்க உக்காந்துதான் டைப் பண்றேன்.

தோட்டம்னு சொன்னதும் வரிசையா வெட்டி விட்ட செடிங்க இருக்கும்னு நெனச்சுட்டு வராதீங்க. மேல பெரிய பெரிய நிழல் மரம், அது மேல மிளகுக் கொடி, கீழ காப்பிச் செடி, நடுவுல பாக்கு, பலா, வாழை, அதுக்கும் கீழ பேரு தெரியாத செடி கொடி எல்லாம் கலந்து கட்டி நிக்குது, எது வச்சது எது தானா வந்ததுன்னு பாத்தா தெரியல. ஒரு பட்டுப்போன மரம் பட்டையெல்லாம் உரிஞ்சு வெள்ளையா நட்டுக்கிட்டு நிக்குது, அதையும் வெட்டல.

அம்மாவுக்கு வந்ததும் கண்ணுல பட்டது வாசல்ல கெடந்த சருகு. கணுக்கால் அளவுக்கு கெடக்குது. "என்ன தம்பி, ஒரு வாரமா பெருக்கலயா, வெளக்குமாறு எங்க இருக்கு"ன்னு கேட்டு தேடி எடுத்தும் வந்துட்டாங்க. அவர் ஓடி வந்து "அம்மா, திண்ணை, படி எல்லாம் பெருக்கிக்கோங்கம்மா, இந்த சருகை மட்டும் விட்ருங்க"ன்னார். ஏன்னு அம்மா கேக்குறதுக்குள்ள குந்தி உக்காந்து ரெண்டு இலையைத் தூக்கிக் காட்டினார். அடியில ஒரு தவளை. என் சுண்டு விரல் நகத்தை விட சின்னது, சருகு கலர்லயே இருக்கு, அது அசையுற வரைக்கும் எனக்குத் தெரியவே இல்ல. இந்த மாதிரி சில புதர்த் தவளைங்களுக்கு தலைப்பிரட்டைன்னு ஒரு கட்டமே கெடையாதாம், தண்ணியே வேணாம், ஈரமான சருகுல இல்லன்னா இலை மேல முட்டை போடும், முட்டைக்குள்ளயே முழுசா தவளையா மாறி ஒரு அரிசி சைஸ்ல வெளிய குதிச்சிடும். அப்போ சருகு காஞ்சு போச்சுன்னா, இல்ல ஒருத்தர் பெருக்கி நெருப்பு வச்சுட்டா, அதோட ஒரு தலைமுறை முடிஞ்சிடும்.

அம்மா வெளக்குமாறை சுவத்துல சாச்சுட்டு, சும்மா இருக்க முடியாம கதவு ஓரத்துல இருந்த எலுமிச்சைச் செடியில ஒரு காஞ்ச இலை தொங்குதுன்னு பிடுங்கப் போனாங்க.

"அதையும் விட்ருங்கம்மா"ன்னார்.

அது இலை இல்ல, கூடு. புழு ஒன்னு இலையை சுத்தி நூல் விட்டு கட்டிக்கிட்டு உள்ள இருக்கு, இலையோட காம்பு விழுந்துடக் கூடாதுன்னு காம்பையும் சேத்து கிளையோட நூலால கட்டி வச்சிருக்கு. கட்டி நாலு வாரம் ஆகப் போகுது, நீங்க இருக்கும்போதே வெளிய வந்தாலும் வரும்னு சொன்னார். என்ன பூச்சின்னு கேட்டேன். வரட்டும், பாருங்கன்னு சொல்லிட்டு போயிட்டார்.

நாள் 2

காலைல 5:40க்கு எழுப்பி விட்டார். அத்தி மரத்துக்கு அடியில போய் உக்காருங்க, பேசாதீங்க, அவ்ளோதான் வேலை.

பெரிய காட்டு அத்தி, தண்டை ஒட்டியே கொத்துக் கொத்தா பழம். மொதல்ல குக்குறுவான் வந்துச்சு, குட்ரூ குட்ரூன்னு ஒன்னு ஆரம்பிக்க அந்தப் பக்க மரத்துல இருந்து இன்னொன்னு பதில் சொல்ல, அப்புறம் கொண்டைக்குருவிங்க, பச்சைப்புறா, ஒரு பெரிய அணில் அதோட உடம்பை விட வால் நீளம், கிளையில தலைகீழா தொங்கிக்கிட்டே சாப்பிடுது. பேரெல்லாம் எழுதினா இந்த நாள் பூரா அதுக்கே போயிடும்.

ஏழு மணி வாக்குல ஒரு சத்தம். தூரத்துல ரயில் இன்ஜின் மூச்சு விடுற மாதிரி வுஷ் வுஷ் வுஷ்னு. அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இருவாச்சி. எறக்கை அடிக்கிற சத்தம்தான் அது, மத்த பறவைங்களுக்கு எறக்கையோட அடிப்பக்கம் காத்துப் போகாம மூடுற சின்ன இறகுங்க இருக்கும், இதுக்கு அது அந்த அளவுக்கு இல்லாததால காத்து இறகுங்க நடுவுல பூந்து போகும்போது அந்த சத்தம் வருது, ஆள் வர்றதுக்கு முன்னாடியே சத்தம் வந்துடும். விரிச்சா எறக்கை ஒன்றரை மீட்டர் இருக்கும், கருப்பு வெள்ளை, மஞ்சள் அலகு, தலை மேல ஒரு தொப்பி கவுத்த மாதிரி. ஆண் பறவை. அத்திப் பழத்தை ஒன்னு ஒன்னா பிடுங்கி தூக்கிப் போட்டுப் பிடிச்சு தொண்டைக்குள்ள சேத்துக்கிட்டே இருந்துச்சு, எண்ணினேன், முப்பதுக்கு மேல போச்சு, விழுங்கவே இல்ல. சேத்து வச்சு எடுத்துட்டுப் போகுது. ஏன்னா அதோட ஜோடி இப்ப ஒரு மரப் பொந்துக்குள்ள இருக்கு, தன்னோட எச்சம், சாப்பிட்ட மிச்சம் இதெல்லாம் வச்சு பொந்தோட வாயை பூசி அடைச்சுக்கிட்டு ஒரு அலகு போற அளவுக்கு மட்டும் சந்து விட்டுட்டு உள்ள முட்டை போட்டு குஞ்சு பொரிச்சுக்கிட்டு இருக்கு, கிட்டத்தட்ட நாலு மாசம் இப்படி. அவ்ளோ நாளும் சோறு இவன் கொண்டு போறதுதான். நடுவுல இவன ஒருத்தன் சுட்டுட்டா உள்ள இருக்குற மொத்த குடும்பமும் பட்டினி. 2018ல இருந்து உலக அளவுல அழியக்கூடிய நிலையில இருக்குற பட்டியல்ல இதை வச்சிருக்காங்க.

அது எந்தப் பக்கம் பறந்துச்சுன்னு நாங்க பாத்தோம். அந்தப் பக்கம் போகல. போகவும் கூடாது.

இங்க ஒரு வருத்தமான விஷயமும் சொல்லணும். போன வருஷம் வேற எடத்துல தங்கியிருந்தப்போ ஒரு குழு போன்ல பறவையோட சத்தத்தைப் போட்டு போட்டு வரவழைச்சு போட்டோ எடுத்தாங்க, நானும் பக்கத்துல நின்னு பாத்தேன். கூடு கட்டுற நேரத்துல அந்த சத்தத்தைக் கேட்டா இன்னொரு ஆண் என் எடத்துக்குள்ள வந்துட்டான்னு நெனச்சு அந்தப் பறவை சாப்பாடு தேடுறதை விட்டுட்டு சண்டைக்கு வரும், அதோட நேரம், தெம்பு எல்லாம் வீண். இங்க அதுக்கு இடமே இல்ல, போன் சவுண்டு வந்தா நான் ஜீப் ஏத்தி அனுப்பிடுவேன்னு நேராவே சொல்றார். எனக்கு அது ரொம்பப் பிடிச்சது.

பழம் ஒன்னு விழுந்து ஒடைஞ்சு கெடந்துச்சு, அதை எடுத்து அம்மாவுக்கு காட்டினார். அத்திப் பழத்தைப் பிட்டுப் பாத்தா அத்தனையும் சொத்தைன்னு நாம பழமொழி சொல்லி வச்சிருக்கோம், அந்த சொத்தை இல்லன்னா மரமே இல்லைங்கிறதுதான் விஷயம். நாம பழம்னு சொல்றது உள்பக்கமா திரும்பிப் பூத்த ஒரு பூங்கொத்து. நுனியில இருக்குற ஊசி முனை ஓட்டை வழியா ஒரு பொடிக் குளவி எறக்கை பிஞ்சு போற அளவுக்கு நெருக்கிக்கிட்டு உள்ள நுழையும், தன் மேல ஒட்டியிருக்குற மகரந்தத்தை பூக்களுக்கு கொடுத்து, முட்டை போட்டுட்டு அங்கேயே செத்துடும். அதோட ஆண் குஞ்சுகளுக்கு எறக்கையே கெடையாது, அதுங்க பொறந்து, பொண்ணுங்களோட சேந்து, அதுங்க வெளிய போக சுரங்கம் தோண்டிக் கொடுத்துட்டு வெளிச்சமே சரியாப் பாக்காம முடிஞ்சு போயிடும். உலகத்துல 750 வகைக்கு மேல அத்தி, ஆல், அரசு குடும்பம் இருக்கு, பெரும்பாலும் ஒவ்வொன்னுக்கும் அதுக்குன்னே உள்ள குளவி. அந்தக் குளவிங்களுக்கு எப்பவும் எங்கயாவது ஒரு மரம் பழுத்துக்கிட்டு இருக்கணும், அதனாலதான் காட்டுல வேற எதுவுமே பழுக்காத மாசத்துலயும் அத்தி பழுக்கும், இருவாச்சில இருந்து வௌவால் வரைக்கும் அதை நம்பித்தான் இருக்கு. அம்மா அந்த ஒடைஞ்ச பழத்தை கையில வச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாங்க, ஒன்னும் சொல்லல.

மத்தியானம் பாக்கு மரத்துல பறக்கும் ஓணான். மரத்தோட மரமா ஒட்டி இருந்துச்சு, திடீர்னு தாடைக்கு அடியில மஞ்சளா ஒரு கொடி மாதிரி விரிச்சு விரிச்சு மடக்குச்சு, அப்பதான் தெரிஞ்சுது. அப்புறம் பக்கவாட்டுல ரெண்டு விசிறி விரிஞ்சு அப்படியே மிதந்து அடுத்த மரத்துக்கு போயிடுச்சு. அந்த விசிறிக்கு கம்பி அதோட விலா எலும்புதான், நீளமா வளந்து தோலைத் தாங்குது. பொண்ணு ஓணான் முட்டை போட மட்டும்தான் தரைக்கு எறங்குமாம், மண்ணைத் தோண்டி போட்டுட்டு மறுபடி மேல. வரிசையா மரம் இருந்தாதான் இதுங்களுக்கு வழி. ஒரு மரத்தை வெட்டினா அது இதுங்களுக்கு பாலத்தை ஒடைச்ச மாதிரி.

வீட்டுக்குப் பின்னாடி மாமரத்துல முசுறு எறும்பு. பச்சை இலைங்களை பந்து மாதிரி சேத்துக் கட்டின கூடு. நூறு எறும்பு ஒரு இலை ஓரத்தை கவ்விப் பிடிச்சு இழுத்து வைக்க, இன்னும் சிலது வாயில தங்களோட குட்டிப் புழுவை தூக்கிட்டு வந்து தறியில நாடா ஓட்டுற மாதிரி இந்த இலைக்கும் அந்த இலைக்கும் மாத்தி மாத்தி வைக்குது, பட்டு நூல் அந்தப் புழு வாயில இருந்து வருது. சீனாவுல கி.பி. 304 வாக்குல எழுதினதா சொல்ற ஒரு குறிப்புலயே ஆரஞ்சு மரத்துக்கு பூச்சி வராம இருக்க இந்த எறும்புக் கூட்டை சந்தையில வாங்கிக் கொண்டு வந்து மரத்துல கட்டினாங்கன்னு இருக்கு. மருந்துக்கு பதிலா ஒரு உயிரை வச்சு பூச்சியைக் கட்டுப்படுத்தினதுக்கு ரொம்பப் பழைய பதிவு அதுதான்னு சொல்றாங்க. கடி பயங்கரமா எரியும், கையை எட்டவே வச்சுக்கோங்க.

மகசூல் கொஞ்சம் கம்மியாதான் வரும், ஆனா மருந்துச் செலவும் இல்ல, அது போதும்னு தோட்டத்துல இருக்குற அக்கா சொன்னாங்க.

நாள் 3

காலைல இருந்து மழை. கோடை மழைக்கு இவ்ளோ சத்தம் இருக்கும்னு ஓட்டுக் கூரைக்கு அடியில இருந்தாதான் தெரியும். பாறை மேல ஏற முடியல, இதை அடுத்த நாள்தான் போடுறேன்.

மழை விட்டு பத்து நிமிஷம் நடந்தோம், அட்டை. எங்க இருந்து வருதுன்னே தெரியல, ஒவ்வொரு இலை நுனியிலயும் ஒன்னு நின்னுக்கிட்டு நம்ம பக்கம் தலையை ஆட்டுது, நம்ம நடை அதிர்வு, மூச்சுக் காத்து, சூடு இதெல்லாம் அதுக்கு தெரியுது. அம்மா காலை ஒன்னு பிடிச்சிருச்சு. உப்பு போடாதீங்க, நெருப்பு வைக்காதீங்க, உள்ள இருக்குறதைக் கக்கிடும், நகத்தை வச்சு அது வாய் ஒட்டியிருக்குற எடத்துல பக்கவாட்டுல தள்ளுங்க போதும்னு அக்கா காட்டிக் கொடுத்தாங்க. ரத்தம் நிக்க நேரம் ஆச்சு, அது எச்சில்ல ரத்தம் உறையாம இருக்க ஒரு பொருள் இருக்கு.

இந்த அட்டையைப் பத்தி ஒன்னு சொல்லியே ஆகணும். 2012ல வியட்நாம் மலைக்காட்டுல பிடிச்ச 25 அட்டைங்க வயித்துக்குள்ள இருந்த ரத்தத்துல டிஎன்ஏ தேடிப் பாத்தாங்க, 21ல பாலூட்டி விலங்கோட டிஎன்ஏ கெடைச்சுது, அதுல ஒன்னு அந்த மலையில மட்டும் இருக்குற ஒரு வரி முயல், கேமரா ட்ராப், அதாவது விலங்கு நடந்தா தானாவே படம் எடுக்குற கேமரா, அதை வச்சுக் கூட காட்டுல அதைப் பாக்குறது அவ்ளோ கஷ்டம். அதாவது நம்ம கண்ணுல படாத விலங்கோட வருகைப் பதிவேடு ஒரு அட்டை வயித்துல இருக்கு. இதை அம்மாகிட்ட சொன்னேன். "அப்போ என்னையும் எழுதிக்கிச்சா"ன்னு கேட்டாங்க.

ராத்திரிதான் விஷயமே. திண்ணையில ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கட்டி பின்னாடி ஒரு பல்பை மட்டும் ஒரு மணி நேரம் போட்டார், மாசத்துல ஒரு தடவைதான் பண்ணுவாராம், அமாவாசைக்கு கிட்ட, மழை நாளா பாத்து. மழையில எது வரும்னு நெனச்சேன். வந்துச்சு. பச்சைப் பாசி கலர்ல ஒன்னு, எலும்புக்கூடு வரைஞ்ச மாதிரி ஒன்னு, ஒடைஞ்ச குச்சின்னு சத்தியம் பண்ணலாம் அப்படி ஒன்னு, தங்கத் தூள் தூவின மாதிரி கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிசுங்க, கும்பிடுபூச்சி ஒன்னு இதுங்களை வேட்டையாட வந்து ஓரத்துல நிக்குது. நாப்பது வகை வரைக்கும் எண்ணி விட்டுட்டேன்.

ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், டார்வினோட சேத்து 1858ல இயற்கைத் தேர்வைப் பத்தி கட்டுரை வெளிவந்தவர், அவரும் இதையேதான் பண்ணியிருக்கார். 1855 கடைசியில போர்னியோவுல ஒரு மலை மேல சின்ன வீட்டுல தங்கி, சுண்ணாம்பு அடிச்ச வெள்ளைத் திண்ணையில விளக்கை வச்சுட்டு உக்காந்திருக்கார். 26 ராத்திரியில 1,386 அந்துப்பூச்சி. அதுல 800க்கு மேல வந்தது வெறும் நாலே ராத்திரியில, நல்ல மழை, கும்மிருட்டு. மழையில்லாம நெலா காயுற ராத்திரியில விரல் விட்டு எண்ணுற அளவுதான் வந்திருக்கு. நாம மழை பெய்யுது, கரண்ட் இல்ல, ட்ரிப்பே வேஸ்ட்டுன்னு சொல்ற ராத்திரிங்கதான் அவருக்கு அள்ளிக் கொடுத்த ராத்திரிங்க.

இன்னொரு கணக்கும் ஞாபகம் வந்துச்சு. 1982ல டெர்ரி எர்வின்னு ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர் பனாமாவுல ஒரே வகை மரம் 19 மேல புகை மருந்து அடிச்சு கீழ விழுந்ததை எல்லாம் எண்ணிப் பாத்ததுல வண்டு மட்டுமே சுமார் 1,200 வகை. அதை வச்சுப் பெருக்கி வெப்பமண்டலத்துல மட்டும் 3 கோடி வகை கணுக்காலிங்க, அதாவது பூச்சி, சிலந்தி மாதிரி உயிருங்க, இருக்கலாம்னார். பின்னாடி வந்தவங்க அது ரொம்ப அதிகம், ஒரு கோடிக்கும் கீழதான் வரும்னு குறைச்சாங்க. குறைச்ச கணக்கை எடுத்துக்கிட்டாலும் அதுல பாதிக்கு மேல இன்னும் யாரும் பேர் வைக்கல. இந்த வேட்டி மேல உக்காந்திருக்குறதுல ஒன்னு ரெண்டு அப்படி பேரில்லாததா இருந்தா எனக்கு ஆச்சரியமே இல்ல.

சரியா ஒரு மணி நேரத்துல அணைச்சுட்டார். இன்னும் கொஞ்ச நேரம்னு கேட்டேன். இதுங்களுக்கு இருக்குறதே கொஞ்ச ராத்திரிதான், நம்ம பல்பை சுத்திக்கிட்டே அதை முடிச்சிடக் கூடாதும்மான்னார்.

நாள் 4

காலைல அம்மா சத்தம் போட்டு கூப்பிட்டாங்க. கூடு தொறந்திருந்துச்சு.

அட்லஸ் அந்துப்பூச்சி. படத்துல பாத்திருக்கேன், ஆனா ஈரமும் சுருக்கமுமா ஒரு கசங்கின துணி மாதிரி கூட்டுல தொங்கிக்கிட்டு இருந்தது கொஞ்சம் கொஞ்சமா விரிஞ்சு விரிஞ்சு என் ரெண்டு கையையும் சேத்து வச்சாலும் பத்தாத அளவுக்கு வர்றதை நேர்ல பாக்குறது வேற. எறக்கைக்குள்ள அது திரவத்தை அழுத்தி அனுப்பி ஒவ்வொரு மடிப்பா நிமித்துது, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. செங்கல் பழுப்பு, நடுவுல கண்ணாடி மாதிரி முக்கோண ஜன்னல், எறக்கை நுனி பாம்புத் தலை மாதிரி வளைஞ்சு அதுல கண்ணு மாதிரி ஒரு பொட்டு. ஓரத்துல இருந்து ஓரத்துக்கு 25 சென்டிமீட்டர் வரைக்கும் வரும் இந்த வகை. வயிறு குண்டா, உணர்கொம்பு ஒல்லியா இருந்ததால பொண்ணுன்னு சொன்னார்.

இதுக்கு சாப்பிட வாய் கெடையாது. புழுவா இருந்தப்போ எலுமிச்சை இலையைத் தின்னு சேத்து வச்சதுதான் ஆயுசுக்கும், அது ஒரு வாரம், மிஞ்சிப் போனா ரெண்டு வாரம். அதிகம் பறக்கவும் செய்யாது, கூடு பக்கத்துலயே தொங்கிக்கிட்டு ஒரு வாசனையை காத்துல விட்டுக்கிட்டு இருக்கும். ஆணுக்கு கோழி இறகு மாதிரி பெரிய உணர்கொம்பு, ரொம்ப தூரத்துல இருந்தே அந்த வாசனையைப் பிடிச்சுட்டு இருட்டுல வந்து சேரும்.

அம்மா மத்தியானம் வரைக்கும் அந்த திண்ணையை விட்டு நகரல. "நான் இதைப் பிடுங்கிப் போட்டிருப்பேனே"ன்னு ரெண்டு தடவை சொன்னாங்க, ரெண்டாவது தடவை குரல் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

சாயங்காலம் நான் மட்டும் அவரோட ஒரு சுத்து. பாறை மேல மரநாய் போட்ட எச்சம், அதுல காப்பிக் கொட்டை. நல்லா பழுத்ததா பாத்து தின்னுட்டு கொட்டையை அப்படியே கழிச்சிடும், காட்டு மரங்களோட விதையும் இதே மாதிரி எடம் விட்டு எடம் போகும். இந்தக் கொட்டைக்கு வெளிய பெரிய மவுசு, அந்த மவுசால பல எடத்துல மரநாயைப் பிடிச்சு கம்பிக் கூண்டுல அடைச்சு காப்பிப் பழத்தை மட்டுமே போட்டு வளக்குறாங்க, தனியா ராத்திரியில திரியுற ஒரு பிராணியை. அந்தக் காப்பியை தயவுசெஞ்சு குடிக்காதீங்க. இவர் அந்த எச்சத்தை எடுக்கல, மண்ணுல முளைக்கட்டும்னு விட்டுட்டார்.

பட்டுப்போன மரத்துகிட்ட நின்னோம். மேல ஒரு பொந்துல குக்குறுவான் கூடு, அதுக்குக் கீழ மரங்கொத்தி எப்பவோ கொத்தின பழைய பொந்துல சின்ன ஆந்தை ஒன்னு கண்ணை முழிச்சு எங்களையே பாக்குது, பட்டைக்கு அடியில வண்டுப் புழு, அடியில கரையான், காளான். குக்குறுவானுக்கு அலகு மரங்கொத்தி மாதிரி வலுவில்ல, இப்படி உளுத்துப் போன மரத்தைத்தான் அதால குடைய முடியும். நிக்கிற உயிர் மரத்தை விட இந்த செத்த மரத்துல குடித்தனம் ஜாஸ்தின்னு சொன்னார், நான் அங்க நின்ன அரை மணி நேரத்துல அது நெசம்தான்னு பட்டுச்சு.

இருட்டினதும் டார்ச்சை அணைச்சுட்டு ஓடை ஓரமா உக்காந்தோம், அம்மாவும் வந்துட்டாங்க. மொத அஞ்சு நிமிஷம் ஒன்னும் தெரியல, பயமாக்கூட இருந்துச்சு. கண்ணு இருட்டுக்கு பழக இருபது நிமிஷத்துக்கு மேல ஆகும், அவசரப்படாதீங்கன்னார். அப்புறம் ஒரு பச்சைப் புள்ளி. ரெண்டு. அப்புறம் அந்த ஓடைக்கரை முழுக்க. பறந்துக்கிட்டே விட்டு விட்டு மின்னுறது ஆண், கீழ புல்லுல இருந்து பதில் போடுறது பொண்ணு, ஒவ்வொரு வகைக்கும் மின்னுற கணக்கு வேற, அந்தக் கணக்கு ஒத்து வந்தாதான் ஜோடி சேரும். அந்த வெளிச்சத்துல சூடே இல்ல. மின்மினிப் புழுங்க மண்ணுல, சருகுக்கு அடியில நத்தையைத் தின்னுதான் வளருது, அதனால சருகு போனா நத்தை போச்சு, நத்தை போனா மின்மினி போச்சு. 2020ல மின்மினி ஆராய்ச்சி பண்றவங்களைக் கேட்டு உலகம் முழுக்க ஒரு சர்வே எடுத்தாங்க, அதுங்க இருக்குற எடம் அழியுறது, நம்ம ராத்திரி வெளிச்சம், பூச்சிமருந்து, இந்த மூணும்தான் முன்னாடி நின்னுச்சு. நம்ம வாசல் லைட் ஒன்னு ராத்திரி பூரா எரிஞ்சா அந்தப் பதில் வெளிச்சம் அதுங்களுக்குத் தெரியாம போயிடும்.

அந்தப் பக்கம் சாலையில ஒரு வண்டி திரும்புச்சு, ஹெட்லைட் ஒரு வீச்சு ஓடைக்கரை மேல அடிச்சுட்டு போச்சு. மொத்தமும் அணைஞ்சிருச்சு. எண்ணிக்கிட்டே இருந்தேன், மறுபடி ஒன்னு மின்ன ரெண்டு நிமிஷம் ஆச்சு. அம்மா அந்த ரெண்டு நிமிஷமும் மூச்சு விடுற சத்தம் கூட கேக்கல.

திரும்பும்போது யூவி (புற ஊதா) டார்ச்சை கல்லு சந்துல ஒரு செகண்ட் அடிச்சுக் காட்டினார், தேள் ஒன்னு பச்சை நீலமா ட்யூப்லைட் மாதிரி ஒளிருது. அதோட ஓட்டுல இருக்குற ஒரு பொருள் அப்படி ஒளிரும், புதுசா சட்டை உரிச்ச தேள் ஓடு கெட்டியாகுற வரைக்கும் ஒளிராது. அதுக்கு மேல அடிக்காம அணைச்சுட்டார்.

நாள் 5

இன்னைக்கு கெளம்பணும். ராத்திரி பூரா சரியாத் தூங்கல, ஜன்னல்ல படபடன்னு எதோ உரசிட்டு போன மாதிரி இருந்துச்சு, வௌவாலா இருக்கும்னு நெனச்சேன்.

அஞ்சரைக்கு கதவைத் தொறந்தா எலுமிச்சைச் செடியில ரெண்டு பேர். ராத்திரியில ஆண் வந்து சேந்திருக்கு, ரெண்டும் வால் பக்கம் ஒட்டிக்கிட்டு எறக்கையை விரிச்சுத் தொங்குது, மேல பெரிய பொண்ணு, கீழ கொஞ்சம் சின்னதா, கலர் அழுத்தமா அவன். எங்க இருந்து வந்தானோ. எந்த மரத்துல எந்தக் காஞ்ச இலைக்குள்ள இருந்தானோ, அதை யாரும் பிடுங்காம விட்டதாலதான் வந்து சேந்திருக்கான். பல மணி நேரம் இப்படியே இருக்கும், அப்புறம் அவ முட்டை போட ஆரம்பிப்பா.

சிக்கல் என்னன்னா அதுங்க தொங்குற கிளை கதவுல சாஞ்சு இருக்கு. கதவை மூடினா கிளை அடிபடும். நான் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டு காட்டினேன். பையெல்லாம் வெளிய எடுத்து வச்சுட்டோம், ஜீப் கீழ ஹாரன் அடிக்குது.

"தெறந்தே கெடக்கட்டும்மா, அடுத்து வர்றவங்களுக்கு மேல் வீட்டைக் கொடுத்துக்கலாம்"ன்னார்.

அம்மா கடைசியா ஒரு தடவை உள்ள போய் வெளக்குமாறை எடுத்துட்டு வந்தாங்க. திண்ணையைப் பெருக்கினாங்க, ரெண்டு படியையும் பெருக்கினாங்க. கடைசிப் படிக்கு அந்தப் பக்கம் சருகு ஆரம்பிக்கிற எடத்துல நின்னு, அதுக்குள்ள கால் வைக்காம எப்படி எறங்குறதுன்னு தேடிப் பாத்து, ஓரமா இருந்த கல்லு மேல ஒவ்வொரு காலா வச்சு எறங்கி வந்தாங்க.